பதினெட்டாவது டோக்கன்

மே மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. முந்தின நாள் பெய்த கோடை மழையில் தரை மட்டும் ஈரமாக இருந்தது. தங்கம் எடுத்த பின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. கோலார் தங்க வயலில் எங்கள் சபைக் கோயிலின் கேட்டுக்கு வெளியே ஒரு வேன் நின்றது. அதன் கூரையில் ஒன்பது பைகள், நான்கு சுருட்டிய பாய்கள் கட்டியிருந்தன; உள்ளே இரண்டு டிரம், ஒரு கீபோர்டு. நான் கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டப்பாவுக்குள் அட்டையில் வெட்டிய பதினேழு வட்டங்கள். என் சட்டையின் உள்பையில் ஒரு சிறு பொட்டலம். அது விழுந்துவிடக் கூடாதென்று இரண்டு ஊக்குகள் போட்டிருந்தேன். ஒரு ஊக்கு போதும் என்று வீட்டில் சொன்னார்கள். ஒன்று கழன்றுகொண்டால் என்ன செய்வது?

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த வேனையும் டப்பாவையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு லீடரம்மா ஞாபகம்தான் வரும். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தின் தலைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. தினமும் விடிவதற்கு முன் முதல் வண்டி பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பி வருவாள். அங்கே ஒரு கம்பெனியில் நாள் முழுக்க டெலிபோனில் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை. கோபமாக வருகிறவர்களைச் சிரிக்கவைத்து அனுப்புவதில் கெட்டிக்காரி என்று அவளுடைய அம்மா சபை முழுவதும் சொல்லி வைத்திருந்தார். பயம் என்றால் என்னவென்று தெரியாத பெண் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

நான் அதற்கு நேர் எதிர். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீசில் இருபத்தொன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். இறங்கும் ஒவ்வொரு தொழிலாளியும் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் ஏற வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை டோக்கன் எங்கள் பலகையில் தொங்கும். எல்லோரும் வாங்கிப் போன பிறகும் பலகையில் ஒன்று மிச்சம் இருந்தால், ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். மூன்று முறை அப்படி ஒன்று தொங்கிப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் ஆள் டோக்கனை மறந்துவிட்டு நேராகக் கள்ளுக்கடைக்குப் போயிருந்தான். ஆனால் அது தெரியும்வரை பதிவேட்டில் பெயர்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணும் பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டது. படி ஏறினால் படியை எண்ணுவேன், பிரசங்கம் கேட்டால் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுவேன்.

அந்த வருஷம் எங்கள் வாலிபர்கள் ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூருக்கு விபிஎஸ் நடத்தப் போவதாக ஏற்பாடு. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து பாட்டு, கதை, படம் வரைதல் என்று நடத்தும் வேதாகமப் பள்ளிக்குத்தான் எல்லோரும் அப்படிச் சொல்வது. அங்கே இருந்த சின்ன சபை, நாலு நாள் வந்து நடத்திக் கொடுங்கள் என்று கேட்டிருந்தது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட அதற்கு முன் அப்படிப் போனதில்லை. ஏழு பையன்கள், ஒன்பது பெண்கள், லீடரம்மா. ஆகப் பதினேழு பேர். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயிலில் ஒத்திகை வைத்தார்கள். சபைக் கமிட்டி சார்பில் நானும் போய் உட்கார்ந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டாம் நாள் கதை சொல்ல வேண்டியவன் பாதியில் நின்றான். பாட்டு சொல்லிக்கொடுக்க வேண்டிய பெண் முதல் அடியிலேயே அழுதுவிட்டாள். கன்னட மீடியத்தில் படித்த ஒரு பையன், தன் தமிழைக் கேட்டு மலைப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

எனக்கு அங்கே இன்னொரு காரியமும் இருந்தது. வழியில் யாரும் தொலைந்துவிடக் கூடாதே என்று, ஆளுக்கு ஒரு எண் போட்டு அட்டை டோக்கன்கள் வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. லீடரம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய தாத்தா எங்கள் சுரங்கத்தில் கேஜ் இறங்கியவர். டோக்கன் என்றால் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அய்யா, ஆளு கீழ போவாங்க, டோக்கன் மேலயே இருக்கும். அதானே ரூலு?"

அதுதான் என்றேன்.

உடனே எல்லோரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்து, எதற்குப் பயப்படுகிறார்களோ அதைப் பின்பக்கம் எழுதச் சொன்னாள். பெயர் வேண்டாம், எண் போதும். எழுதியதை வேனில் ஏறும்போது டைம் ஆபீஸ் அய்யாவிடம் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்துதான் வாங்க வேண்டும். "ஆள்தான் போவணும். பயம் இங்கயே கோலார் தங்க வயல்ல இருக்கட்டும். அய்யா பத்திரமா பாத்துக்குவாரு. பயத்த வச்சுக் காப்பாத்தறதுக்கு இந்த ஊர்ல அவர விட்டா ஆள் ஏது?" என்றாள். பதினாறு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. பென்சில்கள் ஓடின. ஒருத்தி இடம் போதாமல் முன்பக்கமும் எழுதினாள். அதன் பிறகு நடந்த ஒத்திகையில் யாரும் அழவில்லை.

திட்டப்படி நான் டப்பாவோடு ஊரிலேயே இருக்க வேண்டியவன். வாலிபர்களோடு துணைக்குப் போவதாக இருந்தது எங்கள் போதகரின் மனைவி, ஆயர் அம்மா. செவ்வாய்க்கிழமை காலை அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். மதியத்துக்குள் செய்தி பரவி, பெரியவர்கள் யாரும் கூடப் போகாவிட்டால் எங்கள் பெண்களை அனுப்பமாட்டோம் என்று ஒன்பது வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். ஒன்பது பேர் இல்லாமல் பாட்டு இல்லை, பயணமும் இல்லை. அன்று சாயங்காலம் லீடரம்மா என் வீட்டுக்கு வந்தாள். கமிட்டியில் மற்றவர்களுக்கு வேலை, லீவு இல்லை. ஓய்வாக இருப்பது நான் ஒருவன்தான்.

நான் முடியாது என்றேன். காரணங்களைச் சொன்னேன், பதினொன்று. ரத்த அழுத்த மாத்திரை, முழங்கால், மலையில் கழிப்பறை, டிரைவரின் வயது இருபத்திரண்டு, கோடை மழையில் சரியும் பாறை, பாம்பு, நாய், எனக்கு ஒத்துக்கொள்ளாத தண்ணீர், ஆஸ்பத்திரி எத்தனை மைலோ தெரியாதது, மொபைல் சிக்னல், இவையெல்லாம் சேர்ந்து ஒரே நாளில் நடந்துவிடக்கூடிய சாத்தியம். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "இட்டுக்கினு போம்மா. எனக்கும் நாலு நாள் லீவு கெடைக்கும்" என்றாள்.

லீடரம்மா சிரிக்கவில்லை. "பன்னெண்டாவது ஒண்ணு இருக்குது அய்யா. நான் சொல்லட்டா?" என்றாள். "எங்க தாத்தா சொல்லுவாரு, டைம் ஆபீஸ் அய்யா ஊரையே எண்ணிக் கீழ அனுப்புவாரு, ஆனா ஒரு நாளும் கேஜ்ல கால் வச்சதில்லன்னு."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம், அது உண்மை. இருபத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட நான் இறங்கியதில்லை. சுரங்கத்தை மூடுவதற்குக் கடைசி வாரம், ஆபீஸ்காரர்களும் ஒருதரம் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொன்னேன். என்னோடு வேலை பார்த்த பதினான்கு பேர் இறங்கினார்கள். நான் மேலே நின்று அவர்களுடைய டோக்கனை வாங்கி மாட்டினேன். மேலே வந்தபோது அத்தனை பேர் முகத்திலும் ஏதோ ஒன்று இருந்தது. என்னவென்று கேட்காமல் டோக்கன்களைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு இறங்க கேஜ் இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. கேட்டுவரை வருகிறேன், டோக்கன்களை வாங்கிக்கொள்கிறேன், மேற்கொண்டு கேட்காதே என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். என்றாலும் புதன்கிழமை ஒரு பையில் இரண்டு வேட்டி, மாத்திரை, டார்ச் எல்லாம் எடுத்து வைத்தேன். ஜவ்வாது மலையிலிருந்து தனியாகத் திரும்பி வர பஸ்ஸுக்கும், ஆட்டோவுக்கும், வழியில் மயக்கம் வந்தால் சோடாவுக்கும் கணக்குப் போட்டுப் பணத்தைப் பொட்டலம் கட்டி ஊக்கு குத்திக்கொண்டேன்.

ஆக, அந்த வியாழக்கிழமை காலை ஐந்து பத்து. வரிசையாக வந்து டோக்கன்களை டப்பாவில் போட்டார்கள். கடைசியாக லீடரம்மா ஒன்றாம் எண்ணைப் போட்டாள். பதினேழும் சரி. பெண்களின் அப்பாக்களும் அம்மாக்களும் கேட்டருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பையிலிருந்து இன்னொரு வட்டத்தை எடுத்து நீட்டினாள். அவளே வெட்டியது, ஓரம் கோணலாக இருந்தது. அதில் பதினெட்டு என்று எழுதியிருந்தது. பென்சிலையும் கொடுத்தாள். வேனுக்குள் யாரோ கீபோர்டின் ஒரு கட்டையை அமுக்க, 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது.

நான் டோக்கனைத் திருப்பி, வேனின் கதவில் வைத்து, 'கேஜ்' என்று எழுதினேன். டப்பாவில் போட்டேன். டப்பாவை யாரிடம் கொடுப்பது? கோயில் காவல்காரரிடம் கொடுத்து, பதினெட்டு, எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எண்ணும்வரை நின்றேன். பிறகு என் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். அப்பாக்களில் ஒருவர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். நெஞ்சுக்குள் ஒரு குதியாட்டம். எழுபத்து மூன்று வயதில் அப்படி ஒன்று எனக்குள் மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வி.கோட்டை தாண்டி, பேரணாம்பட்டை நோக்கி மலைப்பாதை சரசரவென்று இறங்குகிறது. கர்நாடகத்தில் ஏறி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் விழுகிற பாதை. காலைச் சாப்பாட்டுக்குள் மூன்று மாநிலம். முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன். பின்சீட்டிலிருந்து லீடரம்மாவின் குரல் வந்தது. "இன்னா அய்யா, எத்தினாவது லெவல்ல இருக்கோம்?" சுரங்கத்தில் ஆழத்தை லெவல் லெவலாகத்தான் எண்ணுவார்கள். "ரெண்டாவது" என்றேன். அவ்வளவுதான், ஒவ்வொரு வளைவுக்கும் பதினாறு பேரும் கத்திக் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது, நான்காவது என்று நான் பதில் சொன்னேன். எப்போது கண்ணைத் திறந்தேன் என்று தெரியவில்லை. கீழே பள்ளத்தாக்கில் வெயில் விழுந்து, மரங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. அந்தக் கன்னட மீடியம் பையன் டிரம்மை மடியில் வைத்து அடிக்க, அழுத பெண் பாட, எனக்கு ஒன்பதாவது லெவலுக்குப் பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. என் வாழ்நாளில் எண்ணிக்கொண்டிருந்தது ஒன்று பாதியில் விட்டுப்போனது அதுதான் முதல் தடவை.

மதியம் மூன்று மணிக்கு அந்த ஊரில் முதல் கூட்டம். அறுபது பிள்ளைகள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். புளியமரத்தடியில் வந்து குவிந்த கூட்டத்தைப் பார்த்தால் அறுபதுக்குள் அடங்கவில்லை. பின்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லீடரம்மா முன்னால் போய் நின்றாள். வரவேற்றுப் பேசி, காணாமல் போன ஆட்டின் கதையைத் தொடங்க வேண்டியவள் அவள்தான். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஏதோ விளையாட்டு காட்டுகிறாள் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பதினாறு பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவர்களுடைய முகங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அவள் விழுந்தால் எல்லோரும் விழுவார்கள். டப்பாவில் விட்டுவந்த பதினாறு பயமும் அந்த நிமிஷமே மலை ஏறி வந்துவிடும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பேசத் தெரியாது. கமிட்டியில்கூட நான் அறிக்கை வாசிப்பேனே தவிர வாயால் நாலு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இருபத்தொன்பது வருஷம், காலை ஷிப்டுக்கு முன்னூறு பேருக்கு நடுவே நின்று ஒரு காரியத்தைச் சத்தமாகச் செய்திருக்கிறேன். எழுந்து போய், முதல் வரிசையில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பெண்ணைக் கையால் காட்டி, தொண்டை கிழிய, "நம்பர் ஒண்ணு!" என்றேன். அவள் மிரண்டு போனாள். பக்கத்துப் பையனைக் காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு!" என்று எழுந்து நின்று கத்தினான். மூன்று, நான்கு, ஐந்து. முதல் வரிசை முடிந்து இரண்டாவது வரிசைக்குள் போனது. ஐம்பத்தேழு வர வேண்டிய இடத்தில் ஒரு பொடியன் நூறு என்றான். மரத்தடியே அதிரச் சிரிப்பு. விட்ட இடத்திலிருந்து மறுபடியும். நூறு தாண்டியதும் எங்கள் பிள்ளைகள் டிரம் அடிக்க ஆரம்பித்தார்கள். நூற்றுப் பதினாறில் முடிந்தது. கடைசியில் நின்ற ஆட்டுக்காரர், "சாமி, எங்க ஆட்டயும் எண்ணுவீங்களா, இல்ல நாங்களே எண்ணிக்கணுமா?" என்று கேட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், என் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவரோட ஆட்டுல ஒண்ணு வீட்டுக்கு வரலன்னா அவரு இன்னா பண்ணுவாரு?" லீடரம்மாதான். குரலில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது, அவ்வளவுதான். தேடுவாரு, தேடுவாரு என்று நூற்றுப் பதினாறு பேரும் கத்தினார்கள். அதற்கு மேல் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. அரைமணி நேரக் கதை முக்கால் மணி போனது. அந்த ஆட்டுக்காரர் உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போனார். நான் என் இடத்தில் வந்து உட்கார்ந்தபோது சட்டை முழுவதும் நனைந்திருந்தது. கன்னட மீடியம் பையன் அடுத்ததாகப் படம் காட்டிப் பேசினான். அவன் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்கள் நம்பரை மறக்காமல் சனிக்கிழமைவரை வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பொரி உருண்டை என்று அறிவித்துவிட்டேன். பரிசு கொடுக்க நாங்கள் கொண்டுபோயிருந்தது அறுபது பேருக்கான பென்சில்தான். வெள்ளிக்கிழமை காலை, டிரைவர் சாமான் வாங்கக் கீழே இறங்கும்போது, நான் மரத்துக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டு இரண்டு ஊக்கையும் கழற்றினேன். பொட்டலத்தை அப்படியே அவன் கையில் கொடுத்தேன். சனிக்கிழமை நூற்றுப் பதினாறு பேரும் வந்தார்கள். நம்பரை மறந்தவர் ஒருவர்கூட இல்லை. ஐம்பத்தேழு மட்டும் தனக்கு நூறாம் நம்பர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் திரும்பினோம். கோயில் காவல்காரர் டப்பாவை நீட்ட, எல்லோரும் முண்டியடித்துத் தங்கள் டோக்கனை வாங்கி, பின்பக்கம் படித்து, ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். நானும் பதினெட்டாவதை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்று கிடந்தது. எண் ஒன்று. லீடரம்மா கூரையிலிருந்து பைகளை இறக்கும் அவசரத்தில் வாங்காமல் போயிருக்கிறாள். அவள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் பலகையில் ஒன்று மிச்சம். திங்கட்கிழமை விடிவதற்குள் குளித்து, டோக்கனைப் பின்பக்கம் பார்க்காமல் எடுத்துக்கொண்டு உரிகம் ஸ்டேஷனுக்கு நடந்தேன். என் வீட்டுக்காரி வாசலில் நின்று, "அட்டைக்கு இந்தப் பாடா?" என்றாள்.

லீடரம்மா பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள், தோளில் ஆபீஸ் பை. நான் நீட்டியதைப் பார்த்துச் சிரித்தாள். "நான் மேலதான் அய்யா இருக்கேன். நல்லா பாத்துக்குங்க." பிறகு அதைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"எல்லாரையும் எழுதச் சொல்லிட்டு நான் எழுதல. டெலிபோன்ல முகம் தெரியாது, பேசிடுவேன். தெரியாத ஆளுங்க முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்கும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எழுதினா பசங்க பாத்துடுவாங்கன்னு பயம்."

தூரத்தில் வண்டி ஹாரன் கேட்டது. இப்போது எழுதிக் கொடு என்றேன். அவள் தலையை ஆட்டி, டோக்கனை என் சட்டைப் பையில் போட்டாள். "அதுதான் வெளிய வந்துடுச்சே அய்யா. நீங்களே வச்சுக்குங்க. அடுத்த வருஷமும் போவணும்ல." வண்டி வந்தது, ஏறிப் போனாள். அடுத்த வருஷமும் போனோம். அதற்கடுத்த வருஷமும். அதன் பிறகு அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள்.

இன்றும் மே பன்னிரண்டு, திங்கட்கிழமை. காலை ஐந்து மணி இருபது நிமிடம், மேகமூட்டம், லேசான தூறல். வேன் பத்து நிமிடம் தாமதம். டிரைவருக்கு இப்போது இருபத்தைந்து வயது, கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது. பிஸ்கட் டப்பா அதேதான். அடியில் ஒன்றாம் எண் டோக்கன் கிடக்கிறது. அதனால் புது டோக்கன்களுக்கு நான் இரண்டிலிருந்துதான் எண் போடுகிறேன். சற்று முன் புனேவிலிருந்து போன் வந்தது. "இன்னா அய்யா, எத்தினி பேரு?" என்றாள். இருபத்திரண்டு என்றேன். "உங்களச் சேத்தா?" என்றாள். சேர்த்துத்தான் என்றேன். எனக்கு வழக்கம்போலப் பயமாக இருக்கிறது. புதுப் பிள்ளைகளில் நாலு பேருக்கு என்னைவிட அதிகப் பயம். டோக்கனை எழுதி டப்பாவில் போட்டுவிட்டேன். உள்பையில் பொட்டலமும் இல்லை, ஊக்கும் இல்லை. அந்த முதல் தடவைக்குப் பிறகு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நூற்றுப் பதினாறு பொரி உருண்டை, ஒன்று ஐந்து ரூபாய்; வீட்டுக்கு ஓடிவர நான் வைத்திருந்த பணத்தில் ஆன செலவு ஐந்நூற்று எண்பது ரூபாய்.